வலை பிடிக்க ஒரு ஆள்

காப்பெல், டெக்சஸ்
ஜூலை 14, 2024

மரகதம் அக்காவுக்கு,

வான்மதி எழுதுவது. இங்கே நானும் கதிரும் ஓவியாவும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும் ஷ்ரேயாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதம் என்றதும் பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் உங்களை பிளாக் செய்துவிட்டேன். இமெயில் போடலாம் என்றால் நீங்களும் மாமாவும் இன்றைக்கும் ஒரே முகவரியைத்தான் வைத்திருக்கிறீர்கள். மாமா முதலில் படித்துவிட்டு, அன்றைக்கே தம்பிக்கு போன் போட்டு, "உம் பொண்டாட்டி என்னப்பா இப்படி எழுதறா" என்பார். நம் சண்டைக்குள் அண்ணன் தம்பியை இழுக்க வேண்டாம். அதனால்தான் தபால்.

ஏன் பிளாக் பண்ணினாள் என்று ஒன்றும் தெரியாதது போல ஷ்ரேயாவிடம் கேட்டீர்களாம். சொல்கிறேன். எங்களை வழியனுப்ப நீங்கள் வைத்த விருந்தில், சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் தட்டோடு நிற்கும்போது, "எங்க வான்மதிக்கு எட்டு நல்லா போட வரும், லைசென்ஸ்தான் கிடைக்காது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் புருஷனும் சிரித்தார். அவர்களில் பாதிப் பேருக்கு மஸ்கி என்றால் என்னவென்றே தெரியாது. வாத்து மூக்கும் நாய்ப் பல்லுமாக ஒரு நீளமான மீன், பொய் இரையான லூரைத் துரத்திக்கொண்டு படகு வரைக்கும் வந்துவிட்டுக் கடிக்காமல் திரும்பிப் போகும், அதைக் கடிக்க வைக்கத்தான் தூண்டில் ராட் முனையைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போடுகிறோம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆர்.டி.ஓ. ஆபீசில் நான் பெயிலானதாக நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மஸ்கி, நம் பெரியவள், எத்தனை தடவை என் லூருக்குப் பின்னால் வந்தாள், எப்படிப் பார்த்துவிட்டுப் போனாள் என்று பக்கத்தில் வலையோடு நின்ற உங்களுக்குத் தெரியும். அந்த மீனுக்காகத்தான் நான் இந்த ஊருக்கு வர மாட்டேன் என்று கதிரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். வேலை இங்கே என்று ஆன பிறகு என்ன செய்வது. நாங்கள் கிளம்பிய அன்று உங்கள் வாசலில் கார் பக்கத்தில் நின்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்: "நீ வர்ற வரைக்கும் அந்த மேட்டுல நான் லூர் போட மாட்டேன், போதுமா?" அக்டோபரில் வருகிறேன். அதுவரை தண்ணீருக்குள் இருக்கும் அந்தப் பாறை மேட்டை யாரும் தொடக் கூடாது. ஏரியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

வான்மதி

•

பார்சிப்பனி, நியூஜெர்சி
ஜூலை 27

வான்மதிக்கு,

அக்கா எழுதுகிறேன். மாமாவுக்குச் சுகர் பரவாயில்லை, எனக்கு முட்டிதான் படி ஏற விடவில்லை. ஷ்ரேயா சம்மர் இன்டர்ன்ஷிப் என்று வீட்டிலேயே தங்குவதில்லை. கதிர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், அந்த ஊர் வெயில் அவனுக்கு ஆகாது.

ஸ்டாம்பு வாங்க போஸ்ட் ஆபீஸுக்குப் போய் வரிசையில் நிற்க வைத்துவிட்டாய். ஒரு தமாஷுக்கு இத்தனை கோபமா? கோபியில் எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய கேலியெல்லாம் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டோம். நீ மெட்ராஸ்காரி, உனக்கு எல்லாமே குத்தும்.

மேட்டை நான் ஏன் தொடப் போகிறேன்? சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. ஏரித் தண்ணீர் இப்போது எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே. இந்தச் சூட்டில் மஸ்கியைப் பிடித்தால், திரும்ப விட்டாலும் பிழைக்காது. அதை நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்பதற்காக இன்னும் நூறு தடவை சொல்ல வேண்டாம். படகின் மேல் போட்ட துணியைக்கூட எடுக்கவில்லை.

சங்கத்து பிக்னிக் இந்த வருஷம் நம் ஏரிக்கரைப் பார்க்கில். மாமாதான் கமிட்டி. பிரியாணிக்கு ஆள் பிடித்துக்கொண்டு அலைகிறார்.

போகும்போது என் பெரிய இட்லிப் பானையை எடுத்துப் போனது நீயா?

மரகதம்

•

காப்பெல்
ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கார்க் கதவைத் தொட்டால்தான் கை பொசுங்குகிறது. முட்டிக்கு நான் வாங்கித் தந்த தைலத்தைத் தடவுகிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? இட்லிப் பானையை நான் எடுக்கவில்லை. உங்கள் பேஸ்மென்ட்டில் தேடுங்கள்.

இந்த ஊரில் ஏரிக்குக் குறைச்சல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று இருக்கிறது. ஒன்றிலும் மஸ்கி இல்லை. இங்குள்ள தமிழ்க்காரர் ஒருவரிடம் கேட்டேன். "இங்க எல்லாம் பாஸ் மீன்தான் சிஸ்டர், வீக்எண்ட்ல பத்து இருபது அடிச்சிடலாம்" என்றார். பத்து இருபது கிடைக்கிற மீனைப் பிடிக்க ராட் எதற்கு, முறம் போதும். மிசூரியில் ஒரு ஏரியில் இருக்கிறதாம். கதிரைக் கெஞ்சி ஒரு சனிக்கிழமை முழுக்க டிரைவ் பண்ணிப் போனோம். தண்ணீர் குழம்பு மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். பெரியவள் ஏன் கடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. தப்பு என் எட்டில்தான். ரொம்பக் குறுக்கிப் போட்டிருக்கிறேன். அவ்வளவு நீள உடம்பு அந்த வளைவில் திரும்ப முடியாது, அதனால் பார்த்துவிட்டு விலகிவிடுகிறாள். எங்கள் காலனி நீச்சல் குளத்தில், கொக்கியைக் கழற்றிவிட்டு, தினமும் பழகுகிறேன். ராட் முனையை முழங்கை அளவுக்குத் தண்ணீரில் இறக்க வேண்டும். வாசலை அடைத்துப் போடுகிற மார்கழிக் கோலம் போல எட்டை அகலமாக இழுக்க வேண்டும். வளைவில் நுழையும்போது வேகம் கூட்டி, வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு நொடி தாமதிக்க வேண்டும். அங்கேதான் கடிப்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் வேலி வழியாகப் பார்த்துவிட்டு, குளத்தைச் சுத்தம் செய்கிற ஆளா என்று கேட்டார்.

அக்டோபர் பதினெட்டுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. புரட்டாசி அதற்குள் முடிந்துவிடும். தண்ணீரும் ஆறியிருக்கும். என் கல்யாணச் சவுரியை வெட்டிக் கட்டிய கறுப்பு லூர் உங்கள் கராஜில் மேல் தட்டில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். வழக்கம்போல நான் வீசுகிறேன், நீங்கள் வலை.

வான்மதி

•

பார்சிப்பனி
செப்டம்பர் 6

என் அன்பு வான்மதிக்கு,

நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. வேலை, முட்டி, ஷ்ரேயாவைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டது என்று நாள் ஓடிவிட்டது. ஓவியாவுக்குப் பிடிக்குமே என்று தேங்காய்ப்பால் முறுக்கு சுட்டுத் தனியாகப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிக்னிக் நல்லபடி முடிந்தது. பிரியாணிதான் கொஞ்சம் குழைந்துவிட்டது.

நீ வருகிற விஷயமாக யோசித்தேன். வருஷா வருஷம் ஒரே ஏரியைக் கட்டிக்கொண்டு அழுகிறோமே, புதிதாக ஒன்றைப் பார்த்தால் என்ன? மாங்ஸ்வில் ரிசர்வாயரில் தண்ணீருக்குள் மொட்டை மரங்கள் நிற்கின்றன, அதற்குள் பெரிய பெரிய மஸ்கி என்று தூண்டில் கடைக்காரர் சொன்னார். ஹொபாட்காங்கும் இருக்கிறது, ஓரமெல்லாம் நல்ல களை. நம் மேட்டில் இனி என்ன இருக்கப் போகிறது? பெரியவளுக்கும் வயசாகிவிட்டது. இடம் மாறியிருப்பாள்.

இட்லிப் பானை பேஸ்மென்ட்டில்தான் இருந்தது. உன்னை வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

கதிருக்கு என் ஆசி.

மரகதம் அக்கா

•

காப்பெல்
செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நலம். முறுக்கு வந்தது, உடையாமல் வந்தது, ஓவியா தீர்த்துவிட்டாள். கல்யாணமாகி நான் உங்கள் குடும்பத்துக்குள் வந்து இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் எனக்கென்று முறுக்கு சுட்டது இதுதான் முதல் தடவை. இட்லிப் பானைக்கு வருத்தம் வேறு. அதனால்தான் கேட்கிறேன். என்ன மறைக்கிறீர்கள்?

மாங்ஸ்வில் போ, ஹொபாட்காங் போ என்று என்னை ஏன் விரட்டுகிறீர்கள்? நாலு வருஷத்துக்கு முன்னால் நான் மாங்ஸ்வில் போகலாம் என்றபோது, மொட்டை மரத்தில் லூர் மாட்டிக்கொண்டால் யார் எடுப்பது என்று கேட்டவர் நீங்கள். பெரியவள் இடம் மாறினாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மேட்டுப் பக்கமே போகவில்லை என்றுதானே எழுதினீர்கள்?

எனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் இல்லாத நேரம் பார்த்து, என் மீனை நீங்கள் பிடிக்கத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். நான் வேறு ஏரியில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டும். அப்புறம் நீங்கள் நிதானமாக மேட்டுக்குப் போவீர்கள். அப்படி மட்டும் நடந்தால் நான் உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன்.

மாமா சுகருக்கு நடக்கிறாரா?

வான்மதி

•

பார்சிப்பனி
செப்டம்பர் 26

வான்மதிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். மாமா நடக்கிறார்.

அன்பாக ஒரு வார்த்தை எழுதினால் அதிலும் முள் தேடுகிறாய். இனிமேல் உனக்கு முறுக்கு கிடையாது.

இது புரட்டாசி. பெருமாள் மாசத்தில் மீனைப் பற்றிப் பேசுவதே தப்பு. உனக்கு அந்த வழக்கமெல்லாம் பாதியில் வரும், பாதியில் போகும், எனக்கு அப்படி இல்லை. படகு மோட்டாரும் கிளம்பும்போது இருமுகிறது. மெக்கானிக்கிடம் பார்க்கக் கொடுத்தால் அவன் நவம்பர் என்கிறான். நீ டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு வசந்தத்தில் வா. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

வீட்டில் கெஸ்ட் ரூமுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மரகதம்

•

காப்பெல்
அக்டோபர் 5

மரகதம் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று பிரீத்தி சங்கத்து பிக்னிக் ஆல்பத்தை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். கமிட்டிக்காரி அல்லவா, இரண்டு மாதம் கழித்தாவது கடமையைச் செய்தாள். முந்நூறு போட்டோ, ஒரு வீடியோ. நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்றால் நானே சொல்கிறேன்.

நடுப்பகல். நீங்கள் மெரூன் சுடிதாரில், ஏரிக்கரைப் புல்லில், பெரியவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவள் இடது கன்னத்து வெள்ளைத் தழும்பு எனக்குத் தெரியாதா? உங்கள் முன்னால் வரிசை. கல்யாண ரிசெப்ஷனில் மேடைக்கு முன்னால் நிற்குமே, அதே வரிசை. மாமா கையை ஆட்டி ஆட்டி, "அடுத்த ஃபேமிலி வாங்க, சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார். ஒவ்வொரு குடும்பமாக வந்து உங்கள் இரண்டு பக்கமும் நின்று சிரிக்கிறார்கள். யாரோ ஒருவர் அதன் வாய்க்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்து செல்ஃபி எடுக்கிறார். பிரீத்தி, "ஆன்ட்டி, கொஞ்சம் தலையைத் தூக்கிப் பிடிங்க, மூஞ்சி தெரியல" என்கிறாள். நீங்களும் தூக்குகிறீர்கள். பின்னாலிருந்து ஷ்ரேயாவின் குரல், "அம்மா, புட் இட் பேக், ப்ளீஸ்." நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீடியோ ரொம்ப நீளம். அவ்வளவு நேரமும் அது தண்ணீருக்கு வெளியே. கடைசியில் கேமரா கேக் வெட்டும் பக்கம் திரும்பும்போது ஒரு மூலையில் தெரிகிறது. கரையோரம் வெள்ளை வயிறு மேலே.

நூறு தடவை சொல்ல வேண்டாம் என்று எழுதினீர்களே. சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வாயில் அந்த லூர். என் சவுரி லூர். அதையும் பார்த்தேன்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். படகை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், ஓட்டலில் தங்குகிறேன். உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். கெஸ்ட் ரூமுக்கு நிதானமாகப் பெயின்ட் அடியுங்கள்.

வான்மதி

•

பார்சிப்பனி
அக்டோபர் 11

வான்மதி,

லூர் என் வாயில் இல்லை, மீன் வாயில் இருந்தது. கோபத்தில் எழுதினாலும் பார்த்து எழுது.

ஆமாம், செத்துப்போய்விட்டாள். இரண்டு மாதமாக இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முறுக்கு சுட்டேன், பெயின்ட் அடித்தேன். இப்போது நீயே பார்த்துவிட்டாய், எனக்கும் நிம்மதி. ஆனால் ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாய். இதையும் படி.

எத்தனை வருஷம் நான் அந்தப் படகில் உன்னோடு நின்றேன்? வலை நான், இடுக்கி நான், கொக்கி வெட்டும் கட்டர் நான், போட்டோ எடுப்பது நான். ராட் நீ. களை மண்டிய மூலைகளில் நானும் வீசலாம், அதற்கு உன் அனுமதி உண்டு. மேட்டுக்கு வந்ததும், "அக்கா, நீங்க கொஞ்சம் உக்காருங்க, இது எனக்கு" என்பாய். நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள். என்னை உட்கார் என்று சொன்ன ஒரே ஆள் நீதான். நானும் உட்கார்ந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நீங்க போடுங்கக்கா" என்று ராடை நீட்டியிருக்கிறாயா? யோசித்துப் பார்.

பிக்னிக் அன்று நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றேன். பிரீத்தி வந்து, "வான்மதி ஆன்ட்டி போனதுக்கப்புறம் ஃபிஷிங் ஸ்டாப் ஆயிடுச்சு இல்ல? நீங்க அவங்களுக்கு ஹெல்ப்பர்தானே" என்றாள். நல்லவள்தான், கள்ளம் இல்லாமல்தான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமாவைக் கூப்பிட்டுப் படகை இறக்கச் சொன்னேன். தண்ணீர் சூடு தெரியும், உனக்குச் சொன்ன சொல்லும் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

நீ எழுதின மாதிரியே போட்டேன். முழங்கை ஆழம், கோலம் போல அகலம், வளைவில் வேகம். இரண்டாவது எட்டிலேயே வெளிப்பக்கத்தில் வந்து கடித்தாள். நீ சொன்னது சரி. இத்தனை வருஷமும் நீ குறுக்கித்தான் போட்டிருக்கிறாய். மாமா வலையைத் தலைகீழாகப் பிடித்தார், எப்படியோ உள்ளே விழுந்தாள்.

படகிலேயே விட்டிருக்க வேண்டும். கரைக்குக் கொண்டுவந்தேன். எல்லாரும் ஓடி வந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில், யாருடைய மனைவி, யாருடைய அம்மா என்று இல்லாமல் என்னைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது அன்றைக்குத்தான். ஷ்ரேயா சொன்னது காதில் விழுந்தது. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு குடும்பத்துக்கு நின்றுவிட்டு அடுத்த குடும்பத்துக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, காலத்துக்கும் குறை சொல்வார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தேன், நீ சொல்லிக் கொடுத்தபடி. வெகுநேரம் அசைத்தேன். விட்டால் சாய்ந்தாள், விட்டால் சாய்ந்தாள். ஷ்ரேயா கரையில் உட்கார்ந்து அழுதாள். கல்லூரிக்குக் கிளம்புகிற வரைக்கும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஊருக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனால் அது உன் விருப்பம். மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

மரகதம்

•

காப்பெல்
அக்டோபர் 25

மரகதம் அக்காவுக்கு,

வந்தேன், போனேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, உள்ளங்கையில்தான் நாலு தையல். உங்கள் தெரு முனை சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்ததும் நேராகப் போய்விட்டேன். மாமா இதைக் கேள்விப்பட்டால் வருத்தப்படுவார். நான் வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காற்று மேற்கிலிருந்து எழும்பி மேட்டின் மேல் அலை அடித்தது. எத்தனை வீச்சு வீசினேன் என்று தெரியாது, தோள் கழன்றுவிடும் போல இருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒன்று வந்தது. தழும்பில்லை. புது மீன். பெரியவளைவிட ஒரு சாண் குறைவாக இருக்கலாம், ஆனால் முதுகு இன்னும் அகலம். எட்டு போட்டேன். அகலமாக. முதல் வளைவிலேயே என் கண் முன்னால் வாயைத் திறந்து கடித்தது.

வாடகைப் படகு, நான் ஒருத்தி. வலது கையில் ராட், மீன் படகுக்கு அடியில் போகிறது. வலை பின்னால் கிடக்கிறது. நான் அதற்குக் கை நீட்டவில்லை அக்கா. "அக்கா, வலை" என்று கத்தினேன்.

யாரும் இல்லாத படகில் கத்தினேன். ஏரி முழுக்க எதிரொலித்தது. என் குரல் எனக்கே கேட்டது. அந்தத் தொனியில் என்னை யாராவது கூப்பிட்டிருந்தால் நான் ஒரே நாளில் படகிலிருந்து இறங்கிப் போயிருப்பேன். நீங்கள் எத்தனை வருஷம் நின்றீர்கள்.

அப்புறம்தான் வலையை இடது கையால் இழுத்துப் போட்டேன். தலை உள்ளே வந்தது, வெளியே தொங்கிய கொக்கி வலையில் மாட்டியது, மீன் ஒரு புரட்டுப் புரண்டது. கொக்கி என் கைக்கு வந்தது, மீன் தண்ணீருக்குப் போனது. கரைக்கு வந்து எமர்ஜென்சிக்குத் தனியாக டிரைவ் பண்ணிப் போனேன்.

பெரியவளுக்காக உங்களை மன்னிக்கவில்லை. அந்த வீடியோவை இன்னும் அழிக்கவும் இல்லை. வாட்ஸ்அப்பில் பிளாக்கையும் எடுக்கப் போவதில்லை. ராடை ஒரு தடவைகூட நீட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். நீட்டவில்லைதான்.

வான்மதி

•

பார்சிப்பனி
நவம்பர் 4

வான்மதிக்கு,

தையல் பிரித்துவிட்டார்களா? டெட்டனஸ் ஊசி போட்டாயா? கதிரிடம் என்ன சொன்னாய்? அவன் மாமாவுக்கு போன் பண்ணி, நீ இங்கே வந்ததையே சொல்லாமல், காய் வெட்டும்போது கையை வெட்டிக்கொண்டாள் என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். உன் பொய்க்கு நான் உடந்தை, இதை மறக்காதே.

சிக்னல் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனவளுக்குத் தீபாவளி வாழ்த்து சொல்லக் கூடாது என்று இருந்தேன். அன்று காலையில் இலை போட்டுப் பரிமாறும்போது வழக்கம்போல உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இலை போட்டுவிட்டேன். மாமா பார்த்தார். நான் எடுத்து வைத்துவிட்டேன். நீ வாசல் வராமல் போனதை நான் மன்னிக்க நாள் ஆகும். நீ செய்ததும் சின்னக் காரியம் இல்லை.

நீ எழுதியதைப் படித்துவிட்டு மறுநாள் ஏரிக்குப் போய்க் கரையில் நின்றேன். படகை இறக்கவில்லை. தனியாக இறக்கவும் முடியாது. மேட்டில் இன்னொன்று இருக்கிறது என்று உன் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஷ்ரேயாவிடம் போனில் சொன்னேன். "அதையாவது விட்டுடுவியாம்மா?" என்று கேட்டாள். தண்ணீரை விட்டு வெளியிலேயே எடுக்க மாட்டேன், போட்டோவும் கிடையாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். என் சொல்லை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

மே கடைசியில் வா. முதலில் வீட்டுக்கு, சாப்பிட்டுவிட்டுத்தான் ஏரிக்கு. படகில் நாம் பேச வேண்டியதில்லை. மேட்டுக்கு வந்ததும் நீ உட்கார். ராட் எனக்கு. கடித்ததும் "வான்மதி, வலை" என்று நான் கத்துவேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

மரகதம்